ஒரு டாங்கிள், நான்கு கணினிகள்: வீட்டு இணைப்பைப் பகிரும்போது ஐபி முகவரிகளை அமைக்கும் முறை

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. அங்கே ஒரு நீளமான மேசையும் அதன்மேல் மூன்று பழைய கணினிகளும் இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகல்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து அவற்றில் தமிழ்த் தட்டச்சுப் பழகுகிறார்கள். ஓர் அலுவலகத்தில் வேண்டாம் என்று கழித்தபோது கேட்டு வாங்கி வந்த கணினிகள் அவை. வைஃபை கிடையாது, பின்பக்கத்தில் கேபிள் செருகும் துளை மட்டும் உண்டு. இணையமோ என் சொந்தக் கணினியில் செருகியிருக்கும் 4ஜி டாங்கிள் (சிம் அட்டை போட்ட சிறிய இணையக் கருவி) வழியாக மட்டுமே வீட்டுக்குள் வருகிறது. அந்த ஒற்றை இணைப்பைத்தான் நான்கு கணினிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் செய்து பார்த்தவர்கள் சிலர், பாதியில் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கேபிள் சரியாக இருக்கும், டாங்கிளும் வேலை செய்யும். சிக்கல் ஏறக்குறைய எப்போதும் ஐபி முகவரியில்தான் இருக்கும். அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருந்தால் என்ன கோளாறு என்பதை அதுவே சொல்லியிருக்கும். ஆனால் அவர்கள் எண்ணைப் பார்க்காமலே ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்த்திருப்பார்கள். ஒரு கோளாறு நான்காகியிருக்கும். எனவே இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எதையும் மாற்றுமுன் முகவரியைப் பாருங்கள், தாளில் எழுதுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பும் அதற்கான ரவுட்டரும் இருந்தால் இந்த வேலையே உங்களுக்குத் தேவையில்லை. ரவுட்டரின் பின்னால் இருக்கும் துளைகளில் கேபிளைச் செருகினால் போதும். இணையம் ஒரே ஒரு கணினிக்குள் மட்டும் வந்து நிற்கிறது, அங்கிருந்து மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். டாங்கிள் வைத்திருப்பவர்கள், செல்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து இணையம் பெறுபவர்கள், வைஃபை இல்லாத பழைய கணினிக்கு லேப்டாப் வழியாக இணையம் கொடுக்க நினைப்பவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

தெருவும் கதவு எண்ணும்

ஐபி முகவரி என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். என் கணினியின் ஒரு முகவரி 192.168.137.1. சப்நெட் மாஸ்க் என்று இன்னொரு வரிசை எண் கூடவே வரும். வீடுகளில் அது பெரும்பாலும் 255.255.255.0 ஆக இருக்கும். முகவரியின் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் கதவு எண் என்பதே அந்த மாஸ்க்கின் பொருள். ஆக 192.168.137.11 என்ற கணினியும் 192.168.137.12 என்ற கணினியும் ஒரே தெருவில் இருக்கின்றன, நேரே பேசிக்கொள்ளலாம். 192.168.1.25 வேறு தெரு. அங்கே போக வேண்டுமானால் தெருமுனையில் இருக்கும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலின் முகவரிக்குத்தான் கேட்வே என்று பெயர்.

நான்கு எண்களின் எல்லாச் சேர்க்கைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் கிடைக்கும். உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது போதவில்லை. அதனால் 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுப்புகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று 1990களில் ஒதுக்கிவிட்டார்கள். இவை வெளி இணையத்தில் செல்லாது. வெளியில் செல்லுபடியாகும் முகவரிகளைப் பகிர்ந்தளிக்க உலகில் ஐந்து வட்டார அமைப்புகள் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் உரிய ஆஃப்ரினிக் அமைப்பின் தலைமையகம் ரோஸ் ஹில்லை ஒட்டியிருக்கும் எபேனில்தான் இருக்கிறது. கெய்ரோவில் ஒரு நிறுவனம் புதிய முகவரி கேட்டாலும் விண்ணப்பம் நம் பக்கத்து ஊருக்குத்தான் வர வேண்டும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த வியப்பை நான் மறக்கவில்லை.

மொரீஷியஸில் வாழ்பவர்களுக்கு உள்முகவரியை விளக்குவது எளிது. இங்கே ஊருக்கு ஊர் ஒரு ராயல் ரோடு இருக்கிறது. பொ பாசேனிலும் உண்டு, ரோஸ் ஹில்லிலும் உண்டு, க்யூர்பிப்பிலும் உண்டு. ஒவ்வொன்றும் அதனதன் ஊருக்குள் இருக்கும்வரை குழப்பமில்லை. அதுபோலத்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் 192.168.1.1 என்ற முகவரியில் ஒரு ரவுட்டர் இருக்கலாம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஆனால் உங்கள் வீட்டின் முன்வாசலும் ராயல் ரோடு, பின்வாசலும் ராயல் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். “ராயல் ரோடு, 5ஆம் எண்” என்று எழுதிய கடிதத்தை எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது? பகிரும் கணினிக்கு வரும் பெரிய சங்கடம் இதுதான். அது இரண்டு தெருக்களுக்கு நடுவில் நிற்கும் வீடு. ஒரு வாசல் டாங்கிள் பக்கம், மறு வாசல் கராஜ் பக்கம். இரண்டு தெருக்களுக்கும் வேறு வேறு பெயர் இருந்தே தீர வேண்டும்.

எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

தேவையான பொருள்கள் அதிகமில்லை. பகிரும் கணினியில் கேபிள் துளை ஒன்று, இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், ஐந்து துளை உள்ள சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, கணினிக்கு ஒன்றாகக் கேபிள்கள். ஒரே ஒரு கணினிக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்விட்சும் வேண்டாம். நேரே கேபிளைப் போட்டுவிடலாம். கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டிலும் அதற்கு மேல் போகாது.

கணினியில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழையுங்கள். முதலில் அந்தக் கணினியிலேயே இணையம் நன்றாக வருகிறதா என்று பாருங்கள். அங்கே வராத இணையத்தை வேறெங்கும் பகிர முடியாது. பிறகு விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு சிறிய கட்டம் திறக்கும். அதில் என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டரை அழுத்துங்கள். கணினியின் பிணைய இணைப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். விண்டோஸ் 11இலும் இந்த வழி வேலை செய்கிறது.

அங்கே ‘ஈதர்நெட்’, ‘ஈதர்நெட் 2’ என்று ஒன்றுபோல் பெயர்கள் இருக்கும். பல டாங்கிள்கள் தம்மை ஒரு ஈதர்நெட் அட்டை போலவே காட்டிக்கொள்வதால் எது எது என்று தெரியாமல் போகும். டாங்கிளைக் கழற்றிப் பாருங்கள். எந்தப் படம் மறைகிறதோ அதுவே வெளி இணைப்பு. மறுபடி செருகிவிட்டு, அதன்மேல் வலது பக்கம் சொடுக்கி ‘ரீநேம்’ என்பதைத் தேர்ந்து ‘வெளி’ என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். கராஜுக்குப் போகும் கேபிளுக்கு ‘உள்’ என்று வையுங்கள். விண்டோஸ் தமிழ்ப் பெயரை மறுப்பதில்லை. ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்னும், கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் மட்டும் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியலாம். அது உறுத்தினால் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள். பின்னால் வரும் தவறுகளில் பாதி, இரண்டு இணைப்புகளையும் மாற்றிப் புரிந்துகொள்வதால் வருகிறது.

இப்போது கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையை (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வெளி இணைப்பின் முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் டாங்கிள் தனக்குள்ளேயே ஒரு சின்ன ரவுட்டரை வைத்திருக்கிறது. அது தனக்கு 192.168.8.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு என் கணினிக்கு 192.168.8.100 என்று கொடுத்திருக்கிறது. ஐபோனை இணைத்தால் 172.20.10 என்று தொடங்கும். ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் மாதிரிக்கு மாதிரி மாறும்; 192.168.42 என்று தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சில டாங்கிள்களில் 10 என்றோ 100.64 என்றோ தொடங்கும் முகவரி நேரே வந்துவிடும். நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. வெளியூரிலிருந்து உங்கள் வீட்டுக் கணினிக்குள் நுழைய நினைத்தால் இது தடையாகும். இணையம் பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

பகிர்வை இயக்குதல்

‘வெளி’ என்று பெயர் வைத்த இணைப்பின்மேல் வலது பக்கம் சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்து, மேலே ‘ஷேரிங்’ என்ற பட்டைக்குப் போங்கள். பிரெஞ்சு மொழியில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அது ‘பார்த்தாஜ்’ என்று இருக்கும். அந்தப் பட்டையே காணவில்லை என்றால் கணினிக்கு ஒரே ஒரு இணைப்புதான் தெரிகிறது என்று பொருள். அப்போது கேபிள் அட்டை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே இரண்டு கட்டங்கள் இருக்கும். இந்தக் கணினியின் இணைய இணைப்பை மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று சொல்லும் முதல் கட்டத்தில் குறி வையுங்கள். மற்றவர்கள் இந்தப் பகிர்வைக் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் செய்யலாம் என்று சொல்லும் இரண்டாம் கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டில் அதற்கு அவசியமில்லை. கீழே எந்த இணைப்புக்குப் பகிர்வது என்று கேட்டால் ‘உள்’ என்பதைத் தேருங்கள். சரி என்று அழுத்தியதும் உங்கள் உள் இணைப்பின் முகவரி 192.168.137.1 என்று மாற்றப்படும் என விண்டோஸ் எச்சரிக்கும். ஒப்புக்கொள்ளுங்கள்.

வெளி இணைப்பில்தான் பகிர்வை இயக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, உள் இணைப்பைத் திறந்து அதில் குறி வைத்துவிட்டு, “என் கணினியிலேயே இணையம் போய்விட்டது” என்று கலங்குபவர்கள் உண்டு. அப்படி ஆனால் குறியை எடுத்துவிட்டு, இரண்டு இணைப்புகளின் முகவரியையும் தானாகப் பெறும்படி மாற்றி, முதலிலிருந்து செய்யுங்கள்.

இந்தப் பகிர்வு வசதி 1999இல் விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்போடு வந்தது. விஸ்டா வரை உள் முகவரி 192.168.0.1 ஆக இருந்தது. விண்டோஸ் 7 முதல் 192.168.137.1. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு 192.168.0.1 என்று தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ரவுட்டர்கள் பலவும் 0 அல்லது 1 என்ற மூன்றாம் எண்ணோடு வருவதால், 137 என்பது யாரும் அதிகம் வைக்காத எண். தெருப் பெயர் மோதும் வாய்ப்பு குறைவு.

மறுபடி ஐபிகான்ஃபிக் கட்டளையைத் தட்டி உள் இணைப்பின் முகவரி 192.168.137.1 என்று வந்துவிட்டதா எனப் பாருங்கள். அந்த உள் இணைப்பில் கேட்வே வரி காலியாக இருக்கும். அது குறை அல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் கணினியே அந்தத் தெருவுக்கு வாசல். வாசலுக்கு இன்னொரு வாசல் எதற்கு? காலியாக இருக்கிறதே என்று அங்கே எதையாவது நிரப்பினால், வெளியே போகும் வழி இரண்டாகிப் பகிரும் கணினியே தடுமாறும்.

மற்ற கணினிகள்

இவற்றில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கேபிளைச் செருகுங்கள். இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’ என்ற வரியை இருமுறை சொடுக்கி, முகவரியும், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் தானாகப் பெறப்படும் என்ற அமைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பகிரும் கணினியே 192.168.137 தெருவில் ஒரு கதவு எண்ணைக் கொடுத்துவிடும், கேட்வே 192.168.137.1 என்பதையும் சொல்லிவிடும். என் கராஜில் ஒரு கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதற்கும் இதே முறைதான். கேபிளைச் செருகியதும் முகவரி வந்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தன் அலுவலக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் இணைப்பு அறுந்திருந்தது. அவசரமாக ஒரு கோப்பை அனுப்ப வேண்டும்.

“தம்பி, கேபிளைச் செருகிவிட்டேன். விளக்கும் எரிகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லையே” என்றார்.

“எதையும் மாற்றிவிடாதீர்கள் அக்கா, முதலில் எண்ணைப் பார்ப்போம்” என்றேன்.

ஐபிகான்ஃபிக் தட்டியதும் 192.168.1.25 என்று வந்தது. அலுவலகத்தில் யாரோ அந்த முகவரியைக் கையால் எழுதி நிலையாக வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குள் வேற்றுத்தெரு முகவரியோடு நிற்கிறது அந்த லேப்டாப். என் கணினி எத்தனை முறை கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது. பழைய எண்கள் நான்கையும் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டு, தானாகப் பெறும் அமைப்புக்கு மாற்றினேன். சில நொடிகளில் 192.168.137.84 என்று முகவரி வந்தது. கோப்பும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தாளைப் பார்த்துப் பழைய எண்களையே திரும்ப எழுதிக்கொண்டதாகச் சொன்னார். பிறருடைய கணினியில் கை வைக்கும்போது அந்தத் தாள் கட்டாயம் வேண்டும்.

தானாக வரும் முகவரியே புதியவர்களுக்கு நல்லது. ஒரு மாதம் அப்படியே ஓட்டுங்கள். அதன்பின் அச்சுப்பொறி போல எப்போதும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டிய கருவி இருந்தால் நிலையான முகவரி கொடுக்கலாம். நான் மூன்று கணினிகளுக்கும் 192.168.137.11, 12, 13 என்று நிலையாகக் கொடுத்து, அதே எண்ணைத் திரையின் மூலையில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். “பன்னிரண்டில் வரவில்லை” என்று பிள்ளை சொன்னால் எந்தக் கணினி என்று உடனே தெரிகிறது. நிலையாகக் கொடுக்கும்போது நிரப்ப வேண்டியவை நான்கு: முகவரி 192.168.137.11, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.137.1, டிஎன்எஸ்ஸும் 192.168.137.1தான். டிஎன்எஸ்ஸின் இரண்டாம் வரியில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ ஒரு பொது டிஎன்எஸ்ஸின் முகவரியை எழுதி வைப்பது நல்லது; முதலாவது பதில் சொல்லாத வேளையில் கைகொடுக்கும். ஒரே கதவு எண்ணை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்த எண்ணை எதற்குக் கொடுத்தீர்கள் என்று ஓரிடத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே ஸ்விட்சில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால்

இது என் வீட்டில் நடந்தது, முழுதாகச் சொல்கிறேன். சில நாள்களுக்கு ஓர் உறவினரின் பழைய ரவுட்டரை வீட்டில் வைத்திருந்தேன். அதை மற்றோர் இணைப்புத்துளையாகப் பயன்படுத்தலாம் என்று நினைத்து அதன் கேபிளை அதே ஸ்விட்சில் செருகினேன். அப்போது கராஜ் கணினிகளுக்கு நிலையான முகவரி கொடுத்திருக்கவில்லை. அன்று பிற்பகல் பிள்ளைகள் வந்து கணினிகளை இயக்கினார்கள். ஒன்றில் இணையம் வந்தது, இரண்டில் வரவில்லை. நிறுத்தி மறுபடி இயக்கினால் வந்தது நின்றது, நின்றது வந்தது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் துளையை மாற்றினேன். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் எண்ணைப் பார்க்கத் தோன்றியது.

இணையம் வந்த கணினியில் 192.168.137 என்று இருந்தது. வராதவற்றில் 192.168.1 என்று இருந்தது. அந்த ரவுட்டருக்கு இணைய இணைப்பே இல்லை. ஆனாலும் முகவரி கொடுக்கும் வேலையை அது விடவில்லை. கணினி இயங்கத் தொடங்கியதும் “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று தெருவெல்லாம் கேட்கும்படி கேட்கிறது. யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது. இப்படி முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு தெருவில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ரவுட்டரின் கேபிளை உருவினேன். விண்டோஸ் கணினிகளில் ‘ஐபிகான்ஃபிக் /ரெனியூ’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன், லினக்ஸ் கணினியின் கேபிளைக் கழற்றி மறுபடி செருகினேன். மூன்றும் சரியான தெருவுக்கு வந்து சேர்ந்தன. பழைய ரவுட்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், முதலில் அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி வசதியை நிறுத்திவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான சங்கடம்தான் நான் முன்பு சொன்ன இரண்டு ராயல் ரோடுகள். டாங்கிளில் டேட்டா தீர்ந்துபோன ஒரு நாளில் தம்பியின் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் என் கணினியை இணைத்து, அதைக் கராஜுக்குப் பகிர முயன்றேன். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டும் 192.168.137 தெருவைத்தான் பயன்படுத்துகிறது. வெளியும் 137, உள்ளும் 137. ஒன்றும் நகரவில்லை. வெளிப்பக்கத்தை மாற்றுவதே எளிய தீர்வு: லேப்டாப்பை விட்டுவிட்டுச் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன், தெரு மாறியது, வேலை நடந்தது. வெளிப்பக்கம் ரவுட்டராக இருந்தால் அதன் உள்முகவரியை 192.168.50.1 என்பதுபோல மாற்றலாம். விண்டோஸின் 137 என்ற எண்ணையே மாற்ற, அதன் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் வழி இருக்கிறது. ஆனால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி தவறினால் கணினியே கிளம்பாமல் போகலாம் என்பதால் புதியவர்களை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை.

இணையம் வரவில்லை என்றால் எண் சொல்வதைக் கேளுங்கள்

வராத கணினியில் ஐபிகான்ஃபிக் தட்டுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், கணினி கேட்டுக் கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் தனக்குத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். பகிரும் கணினியிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது பகிரும் கணினியில் பகிர்வு நின்றுவிட்டது. இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

192.168.137 என்று சரியாக வந்தும் இணையம் இல்லை என்றால் ‘பிங்’ கட்டளையால் படிப்படியாகத் தட்டிப் பாருங்கள். முதலில் 192.168.137.1. பதில் வந்தால் உங்கள் வீட்டுக்குள் எல்லாம் சரி. வராவிட்டாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். பகிரும் கணினியின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் சில நேரங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடும். அடுத்து டாங்கிளின் முகவரி. எனக்கு அது 192.168.8.1. பதில் வந்தால் பகிர்வு வேலை செய்கிறது. அடுத்து 8.8.8.8. இதற்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால் குறை டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டாம் வரியை நிரப்புங்கள். டாங்கிள்வரை பதில் வந்து 8.8.8.8 மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டிலேயே இல்லை. டேட்டா தீர்ந்திருக்கலாம், சிக்னல் போயிருக்கலாம். ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்திப் பார்ப்பது பலருக்கும் வழக்கம், தயவுசெய்து செய்யாதீர்கள். பகிர்வு நடக்க அதை நிறுத்தத் தேவையே இல்லை.

நேற்றுவரை நன்றாக ஓடியது, கணினியை நிறுத்தி மறுபடி இயக்கியதும் போய்விட்டது என்றால் அது விண்டோஸ் 10 வந்தபின் பலரும் காணும் குறை. ஷேரிங் பட்டையில் குறி இருந்தபடியே இருக்கும். பகிர்வு மட்டும் நடக்காது. குறியை எடுத்துச் சரி என்று அழுத்தி, மறுபடி திறந்து குறி வையுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ‘சர்வீசஸ்’ பக்கத்தில் ‘இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்’ என்ற சேவையைத் தானாகத் தொடங்கும்படி மாற்றி வைத்துப் பாருங்கள்.

மேக், லினக்ஸ் கணினிகளிலும் இதே வசதி உண்டு. மேக்கில் ‘இன்டர்நெட் ஷேரிங்’ என்று இருக்கும். அதன் உள்தெரு 192.168.2 என்று தொடங்கும். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் இருந்தால், கேபிள் இணைப்பின் ஐபிவி4 பகுதியில் மற்றக் கணினிகளோடு பகிர்தல் என்னும் அமைப்பைத் தேர்ந்தால் போதும், உள்முகவரி 10.42.0.1 என்று அமையும். எண் மாறுகிறது, மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான்.

டாங்கிளின் டேட்டா அளவோடு வருவது. கேபிளில் இணைந்த கணினிகளுக்கு அது தெரியாது. அளவற்ற இணைப்பு என்று நினைத்து விண்டோஸ் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். எங்கள் முதல் மாதத்து டேட்டா இரண்டே வகுப்புகளில் தீர்ந்தது இதனால்தான். ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதிக்குப் போய் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை இயக்கி வையுங்கள். பகிரும் கணினி தூங்கப் போகாதபடி மின்சார அமைப்பையும் மாற்றுங்கள். அது கண் அயர்ந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் இணையம் போய்விடும். புயல் எச்சரிக்கை வரும் நாள்களில் மின்கம்பியோடு சேர்த்துக் கராஜுக்குப் போகும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடியின் மின்னோட்டம் அந்தச் செப்புக் கம்பி வழியாகவும் வரும்.

இயக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பகிரும் கணினி. அதில் டாங்கிளின் விளக்கு நிலையாக எரிந்து, ஒரு பக்கம் திறந்து பார்த்தபின் ஸ்விட்ச். அதன்பிறகுதான் மேசையில் இருக்கும் 11, 12, 13.